கேத்தி மலைச்சரிவில் ஒரு பழைய ஆம்னி: ஆறரை ஆண்டு அனுபவம்

2019 ஜூலையில், பழுது பார்ப்பதற்கான தொகையையும் சேர்த்து ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்குள் ஒரு வேன் வாங்கிவிட வேண்டும் என்று தேடத் தொடங்கினேன். நீலகிரியில் கேத்தி பாலாடாவுக்கு அருகே எங்களுக்குப் பூண்டும் கேரட்டும் போடும் சிறிய தோட்டம் இருக்கிறது. வீட்டில் ஐந்து பேர். முழங்கால் தேய்ந்துபோன அம்மாவால் ஜீப்பில் ஏறவும் முடியாது, சிறிய காரில் குனிந்து நுழையவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை குன்னூருக்கு எல்லோரையும் ஏற்றிச் செல்ல வேண்டும், அறுவடைக் காலத்தில் பின் இருக்கையை மடக்கி நான்கு மூட்டைப் பூண்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்க வேண்டும். இந்த இரண்டையும் குறைந்த விலையில் செய்யும் வண்டி என்று பார்த்தால், எங்கள் பக்கத்தில் பேச்சு மாருதி ஆம்னியில்தான் போய் நிற்கும்.

வேறு வண்டிகளையும் பார்க்காமல் இல்லை. 2010-இல் வந்த மாருதி ஈகோ வேனுக்கு 1,196 சி.சி. எஞ்சினும் ஐந்து கியரும் உண்டு. மலைக்கு அதுவே மேல் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை, ஆனால் நல்ல நிலையில் இருந்த எதுவும் என் கைக்கு எட்டவில்லை. மாருதியின் இன்னொரு வேனான வெர்சாவுக்கு வலு இருந்தது. உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு உதிரிபாகம் தேடி அலைய எனக்குப் பொறுமை இல்லை. ஆம்னியும் அந்த ஆண்டில்தான் நின்றது என்றாலும், 1984 முதல் ஓடிய வண்டி என்பதால் அதன் கதவு ரோலரும் கிளட்ச் கேபிளும் குன்னூரில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைத்துக்கொண்டிருந்தன, இன்றும் கிடைக்கின்றன.

முதலில் மலையிலேயே மூன்று வண்டிகளைப் பார்த்தேன். கோத்தகிரியில் பார்த்தது வெளியே புது மணப்பெண் போல மின்னியது. எஞ்சின் ஒரே சாவித் திருகலில் எழுந்தது. மீட்டரும் குறைவாகவே காட்டியது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கிடந்த ரப்பர் மிதியடியைத் தூக்கினேன். அடியில் இருந்த சாக்கு ஈரமாக இருந்தது. அதையும் விலக்கிவிட்டு, கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரின் முனையை லேசாக ஊன்றியபோது அது தரைத் தகட்டில் அப்பளத்தைக் குத்துவது போல இறங்கிவிட்டது. ஓட்டை வழியே கீழே இருந்த புல் தெரிந்தது. உரிமையாளர் என்னைவிட அதிகம் வருந்தினார் என்றுதான் நினைக்கிறேன். இரண்டாவது வண்டியில் கேஸ் கிட் இருந்தது, ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் அது ஏறவில்லை. மூன்றாவது வண்டியின் கிளட்ச் தீய்ந்து போயிருந்தது.

மலை வண்டி குறைந்த தூரம்தான் ஓடியிருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தத் தூரம் முழுவதையும் முதல், இரண்டாம் கியர்களில், மூடுபனிக்கும் சாரலுக்கும் இடையில் ஓடியிருக்கும். சமவெளி வண்டியின் எஞ்சின் தேய்ந்திருக்கலாம், உடல் உலர்ந்திருக்கும். எண்ணூறு சி.சி. எஞ்சினை இரண்டு நாளில் இறக்கி ஏற்றிவிடும் மெக்கானிக்குகள் நம்மிடம் இருக்கிறார்கள், ஆனால் துருவரித்த தரையை வெல்டிங் வைத்து மீட்பது பட்டுப்போன மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. ஆகவே நீலகிரியில் ஓட்டப் பழைய வேன் வாங்குபவர் கீழே இறங்கித் தேட வேண்டும் என்பதும், எஞ்சினைக் கேட்பதற்கு முன் தரையைப் பார்க்க வேண்டும் என்பதும் என் முடிவாயின. மிதியடிக்கு அடி, ஸ்லைடிங் கதவின் கீழ்த் தண்டவாளம், சக்கர வளைவுகளின் உள்புறம், கண்ணாடிச் சட்டத்தின் அடிவிளிம்பு ஆகிய நான்கு இடங்களும் பொய் சொல்லாதவை. பெயின்ட் புதிதாக இருந்தால், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி ஓடவிட்டுப் பார்க்கலாம். ஓட்டையை மறைக்கப் பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாமல் நழுவும்.

போத்தனூரில் கிடைத்த வண்டி 2006 நவம்பரில் பதிவானது, கார்ப்பரேட்டருக்குப் பதில் ஊசி வழியாகப் பெட்ரோல் பாய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின், இரண்டாவது உரிமையாளர். மீட்டர் 71,000 காட்டியது. மிதிகளின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்ததால் அந்த எண்ணை நான் நம்பவில்லை, பேரத்தில் அதையே சொன்னேன். 82,000 ரூபாய்க்கு முடிந்தது. கடன் அடைத்துப் பல ஆண்டுகள் ஆகியும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்காமல் இருந்ததைப் மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் முன்கூட்டியே பார்த்திருந்ததால், வங்கியின் கடிதமும் கடன் தீர்ந்ததைப் பதியும் படிவம் 35-உம் கைக்கு வரும்வரை முன்பணம் மட்டுமே கொடுத்து ஆறு வாரம் காத்திருந்தேன். அதன் பிறகுதான் பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஆம் படிவங்களில் கையெழுத்து வாங்கினேன். இன்சூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் தம் பெயருக்கு மாற்ற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வண்டி மலையேறிய முதல் மாதத்திலேயே என்னை அச்சுறுத்தியது. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர்கூட வரவில்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் அதன் உள்புறத்தில் வெண்ணெய் போல ஏதோ அப்பியிருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது, இரண்டையும் பிரித்து வைக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று பார்த்தவர்கள் எல்லாம் தீர்ப்பு வழங்கினார்கள். ஒரு பட்டறையில் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குக் கணக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். குன்னூரில் வயதான மெக்கானிக் ஒருவர் மட்டும், பத்து நிமிடம் ஓடிய எஞ்சினின் ரேடியேட்டர் குழாயைக் கையால் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, இது ஹெட் போன வண்டி இல்ல, குளிருல நடுங்குற வண்டி” என்றார். குழாய் முனையைக் கழற்றியபோது, எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

சமவெளியில் பழைய வண்டி சூடேறினால் அந்த வால்வைக் கழற்றி எறிந்துவிடுவது வழக்கம். தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டருக்கு ஓடிக்கொண்டிருப்பதால் அங்கே அது எப்படியோ சமாளிக்கிறது. எட்டுப் பாகை செல்சியஸ் குளிரில் புறப்படும் எங்கள் ஊரிலோ எஞ்சின் தனக்குரிய சூட்டை எட்டுவதே இல்லை. குளிர்ந்த எஞ்சின் என்று சென்சார் சொல்லிக்கொண்டே இருப்பதால் பெட்ரோல் கூடுதலாகப் பாய்கிறது. உள்ளே படியும் ஈரம் ஆவியாகாமல் எண்ணெயோடு சேர்ந்து அந்த வெண்ணெயாகிறது. புது வால்வு, இரண்டு குழாய்கள், கூலன்ட், ரேடியேட்டர் மூடி எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய்தான் ஆயிற்று. மூடியைச் சேர்த்து மாற்றியதற்கும் காரணம் உண்டு: 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும், மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் அந்த வரம்பு உயரும். அதன் பிறகு மலையில் பதின்மூன்றும், கோவை வரை போய்வந்தால் பதினைந்தும் தருகிறது.

வலுவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 796 சி.சி., மூன்று சிலிண்டர், சுமார் 35 குதிரைத்திறன். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் அதில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். எஞ்சியதில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு பர்லியாறிலிருந்து குன்னூருக்கு ஏறும்போது இரண்டாம் கியரே பெரும்பாலும் துணை. பின்னால் வரும் பேருந்துக்கு இடம் கொடுத்து ஒதுங்கும் பணிவு ஓட்டுநருக்கு வேண்டும். கார்ப்பரேட்டர் கொண்ட பழைய ஆம்னி என்றால் நிலைமை இன்னும் மோசம். சமவெளிக்கு ஏற்பத் திருகி வைத்த கலவை இங்கே மிகையாகி, பிளக்குகள் கரி பிடித்துவிடும்.

ஏற்றம் பொறுமையைத்தான் கேட்கும். இறக்கம்தான் எனக்குப் பாடம் நடத்தியது. முதல் பூண்டு அறுவடையின்போது மூட்டைகளோடு மூன்றாம் கியரில், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினேன். பர்லியாறை நெருங்கியபோது மிதி பஞ்சு போல உள்ளே போயிற்று. ஹேண்ட் பிரேக்கையும் முதல் கியரையும் வைத்துக் கடைகளின் ஓரமாக நிறுத்திவிட்டு, சக்கரங்களிலிருந்து எழுந்த எரிந்த வாடையை முகர்ந்தபடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தவறு முழுக்க என்னுடையது. பிரேக் ஆயிலை வாங்கிய அன்றே மாற்றியிருக்க வேண்டும்; அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் குமிழி விடும். இப்போது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன், ஏறும் கியரிலேயே இறங்குகிறேன்.

அம்மாவுக்கு இந்த வண்டி பிடித்துப்போனதற்கு இரண்டு காரணங்கள். ஸ்லைடிங் கதவு முழுதாகத் திறப்பதால், படியில் உட்கார்ந்து காலைத் திருப்பி உள்ளே வைத்துக்கொள்ள முடிகிறது. அடுத்தது, கோவைக்காரர்கள் எல்லோரும் குறை சொல்லும் அந்தச் சூடு: எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருப்பதால் சமவெளியில் மே மாதம் அடுப்பின் மேல் உட்கார்ந்த கதையாகும், கேத்தியில் ஜனவரி விடியற்காலையில் அதுவே கணப்பு. அம்மா முன் இருக்கையை இதுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஸ்லைடிங் கதவின் கீழ் ரோலர் தேய்ந்து, குன்னூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே கதவு கையோடு வந்ததும் ஒருமுறை நடந்தது. 350 ரூபாய் ரோலர்தான். மானம் போனதற்குக் கணக்கில்லை. வெறும் வண்டியாகப் போகையில் பின்புறம் இலேசாகிவிடுவதால், பாசி படிந்த தோட்டப் பாதையில் பின்சக்கரம் சுற்றும். மழைக்காலத்தில் ஒரு மூட்டை உரத்தைப் பின்னால் நிரந்தரமாகப் போட்டு வைத்திருக்கிறேன்.

முதல் ஆண்டில் கிளட்ச் செட், நான்கு டயர், பிரேக் வேலை, பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் யு.ஜே. கிராஸ் எல்லாம் சேர்த்து 27,000 ரூபாய் செலவாயிற்று. அதன் பின் பெட்ரோலும் இன்சூரன்ஸும் நீங்கலாக ஆண்டுக்குச் சராசரியாகப் பத்தாயிரம். ஆயிரம் சி.சி.க்குக் குறைந்த தனியார் காருக்கான தேர்ட் பார்ட்டி பிரீமியம் 2022-இல் நிர்ணயித்தபடி 2,094 ரூபாய், வரி தனி. மீட்டர் இப்போது 1,24,000-ஐத் தாண்டிவிட்டது. வாடகைக்கு மூட்டை ஏற்றித் தரச் சொல்லி அக்கம்பக்கத்தார் கேட்பதுண்டு. சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பலகை வண்டியில் அது கூடாது என்று சொல்லி, ஒருமுறை கேட்டவரின் மனத்தாங்கலையும் சம்பாதித்திருக்கிறேன்.

பாதுகாப்பைப் பற்றி மழுப்ப விரும்பவில்லை. ஓட்டுபவரின் கால்களுக்கு முன்னால் ஒரு தகடுதான் இருக்கிறது. காற்றுப்பை இல்லை. 2019-இல் விதிகள் இறுகியபோது உற்பத்தி நின்றது இதனால்தான். மலையில் முப்பதைத் தாண்டுவதில்லை என்பதால் ஓட்டுகிறேன். நான்குவழிச் சாலையில் சேலம் வரை போக வேண்டியிருந்தால் பேருந்தில்தான் போகிறேன்.

கோவைப் பதிவெண் வைத்திருப்பதில் நான் எதிர்பாராத சங்கடமும் ஒன்று வந்தது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கேட்கிறார்கள், நீலகிரிப் பதிவான டி.என். 43 வண்டிகளுக்கு விலக்கு உண்டு. மாநிலத்துக்குள் பெயர் மாற்றினால் எண் மாறாது என்பதால், என் வண்டி தகட்டில் இன்னமும் டி.என். 37. கல்லாறு சோதனைச் சாவடியில் நிறுத்தினால் முகவரி உள்ள ஆர்.சி.யை எடுத்துக் காட்டிப் பேச வேண்டியிருக்கிறது.

2021 நவம்பரில் பதினைந்து ஆண்டு முடிந்து எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போனபோது பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரல் முதல் அது 5,000 ஆயிற்று. இருபது ஆண்டைக் கடந்த கார்களுக்கு 10,000 என்று 2025 ஆகஸ்டில் அறிவித்துவிட்டார்கள். வரும் நவம்பரில் என் வண்டிக்கு இருபது முடிகிறது. பழையது வாங்குபவர்கள் விலையோடு இந்தத் தொகையையும், பசுமை வரியையும், எஃப்.சி.க்கு முந்தைய பெயின்ட், டிங்கரிங் செலவையும் கூட்டிப் பார்த்துப் பேரம் பேசுவது நல்லது. பதினான்கு வயது வண்டி மலிவாகக் கிடைப்பதற்கு அதுதான் காரணம். எங்கள் வண்டியைப் புதுப்பிப்பதா, கொடுத்துவிட்டு ஈகோ பார்ப்பதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அம்மா புதுப்பிக்கும் பக்கம். போன வாரம் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன். போத்தனூரில் எலும்பு போல உலர்ந்திருந்த அந்தத் தகட்டில், கதவை ஒட்டி, உள்ளங்கை அளவுக்குத் துரு படர்ந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரை ஊன்றினேன், இன்னும் இறங்கவில்லை.