கேஜன் உணவகத்தில் 640 கிராம் இறாலுக்கு 1,856 ரூபாய்

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையிலிருந்து பிரியும் எங்கள் தெருவின் முனையில், சென்ற மாதம் அமெரிக்கக் 'கேஜன்' உணவகம் ஒன்று திறக்கப்பட்டது. புகார் நிலுவையில் இருப்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனாலும் அங்கே போக எண்ணியிருப்பவர்கள், குறிப்பாக மாணவர்கள், விலைப்பட்டியலை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை நான் ஏமாந்த விதத்திலிருந்து தெரிந்துகொள்ளட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

அந்த உணவு எனக்குப் புதிதன்று. மகள் வீட்டில் தங்குவதற்காக நானும் என் மனைவியும் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் ஆறு மாதம் இருந்தபோது, பக்கத்து மாநிலமான லூசியானாவின் சமையல் அந்நகரமெங்கும் பரவியிருந்ததால், கேஜன் கடைகளில் பலமுறை சாப்பிட்டிருக்கிறோம். அந்த மாநிலத்தில் நெல் அறுத்த வயலில் மீண்டும் தண்ணீர் கட்டி, அதிலேயே 'கிராஃபிஷ்' என்னும், கொடுக்குள்ள இறால் போன்ற நன்னீர் உயிரியை வளர்க்கிறார்கள் என்று மருமகன் சொன்னபோது, சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்னரே ஈரம் காயுமுன் வயலில் உளுந்து தெளிக்கும் நம் வழக்கம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்தப் பிரியத்தில்தான் இந்தக் கடையின் பலகையைப் பார்த்ததும் அந்த வார ஞாயிற்றுக்கிழமையே உள்ளே போனோம்.

மேசைக்கு வந்த அட்டையின் முதல் பக்கம் முழுவதும் வரலாறு. 1755இல் ஆங்கிலேயர் நோவா ஸ்கோஷியாவிலிருந்து துரத்திய பிரெஞ்சு மொழி பேசும் அக்கேடியர்களில் பலர் பின்னர் லூசியானாவில் குடியேறியதும், 'அக்கேடியன்' என்ற சொல் மருவிக் 'கேஜன்' ஆனதும் பெரிய எழுத்தில் பிழையின்றி அச்சாகியிருந்தன. அடுத்த பக்கத்தில் 'லூசியானா கிராஃபிஷ் பாயில் (வேகவைத்த கிராஃபிஷ்), ரூ. 290' என்று கண்டு, விலை மலிவாக இருக்கிறதே என்று வியந்தபடியே ஒரு தட்டு கேட்டோம். அதன் கீழே '100 கிராமுக்கு' என்று எறும்பளவு எழுத்தில் இருந்ததை, பில் வந்த பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் படிக்க முடிந்தது.

முதலில் வந்தது 'கம்போ'. எண்ணெயில் மாவைக் கைவிடாமல் கிளறி, சாக்லேட் நிறம் வரும்வரை வறுத்து, அதில் வெங்காயம், பச்சைக் குடைமிளகாய், செலரி ஆகிய மூன்றையும் வதக்கிச் செய்யும் குழம்பு அது. வெண்டைக்காய் போட்டும் செய்வார்கள் என்பதால் நம் நாக்குக்கு அந்நியமாகத் தெரியாது. இங்கே தந்ததோ சோளமாவு கரைத்துக் கெட்டியாக்கி சோயா சாஸில் நிறமேற்றிய சூப். 'ஜம்பலாயா' என்பது, பிரியாணியைப்போல் அரிசியையும் இறைச்சியையும் ஒரே பாத்திரத்தில் சாறு ஊற வேகவைப்பது. இவர்கள் ஆறிய சோற்றில் தக்காளி சாஸைக் கிளறி, மேலே நான்கு சாசேஜ் துண்டுகளை வைத்திருந்தார்கள். இவை கைப்பக்குவக் குறைகள், இவற்றுக்காக நான் பதிவு எழுதியிருக்க மாட்டேன்.

எழுத வைத்தது மூன்றாவது தட்டு. கிராஃபிஷ் பார்வைக்குக் குட்டிச் சிங்கி இறாலைப்போல் இருக்கும். தடித்த ஓடும் முன்னால் இரண்டு பருத்த கொடுக்குகளும் உண்டு. தலையோடுதான் பரிமாறுவார்கள், ஹூஸ்டனில் அந்தத் தலையைக் கிள்ளி உறிஞ்சுவதற்கென்றே ஒரு கூட்டம் வரும். எங்களுக்கு வந்ததில் தலையும் இல்லை, கொடுக்கும் இல்லை. நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்த என் மனைவி ஒன்றை எடுத்து உரித்துப் பார்த்துவிட்டு, "இது சாதாரண வளர்ப்பு இறாலுங்க" என்றார். பரிமாறிய தம்பியைக் கேட்டபோது, "இறக்குமதி சரக்கு சார், தலையைக் கிளீன் பண்ணித்தான் அனுப்புவாங்க" என்று பதில் வந்தது. பெட்டியின் சீட்டையாவது காட்டுங்கள் என்றேன். மேலாளர் வந்து, பெட்டியைக் குப்பையில் போட்டாயிற்று என்றார்.

எடைக்கணக்கு இன்னும் வேடிக்கை. 640 கிராம் என்று பில்லில் போட்டிருந்தார்கள். அந்த எடையில் இரண்டு சோளக்கதிர்த் துண்டுகளும் மூன்று உருளைக்கிழங்குகளும் அடக்கம் என்பதை மேலாளரே ஒப்புக்கொண்டார். இறால் விலைக்கு உருளைக்கிழங்கு வாங்கியவன் தஞ்சாவூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எடை போட்டபோது எங்களை யாரும் தராசருகே அழைக்கவுமில்லை.

கம்போ 340, ஜம்பலாயா 380, இறால் 1,856, ஆக 2,576 ரூபாய். அதன்மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அந்தக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி என்று 2,975 ரூபாய்க்குச் சீட்டு நீட்டினார்கள். சேவைக் கட்டணத்தை உணவகங்கள் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4இல் நெறிமுறை வெளியிட்டதையும், 2025 மார்ச் 28இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ததையும் எடுத்துச் சொன்னதும், மறுபேச்சில்லாமல் அதை நீக்கி 2,705 ரூபாய் ஆக்கினார்கள். அவ்வளவு விரைவாக நீக்கியதிலிருந்தே, கேட்பவருக்கு மட்டும் நீக்குவது அவர்கள் வழக்கம் என்று எனக்குப் பட்டது. இறால் விலையில் மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறைக்க மறுத்துவிட்டார்கள்.

பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான், அந்தச் சீட்டின் தலைப்பே 'எஸ்டிமேட்' என்று இருந்ததைக் கவனித்தேன். ஜிஎஸ்டி வசூலித்தவர்களின் ஜிஎஸ்டி பதிவு எண் அதில் இல்லை. உணவகப் பில்லில் இருக்க வேண்டிய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை. அங்கே போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இந்த இரண்டு எண்களும் உள்ள பில்லைக் கேட்டு வாங்குங்கள்; தட்டின் படத்தையும் விலை அட்டையின் படத்தையும் எடுத்து வையுங்கள். நான் அட்டையைப் படமெடுக்கத் தவறியதால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிவு செய்தபோது அந்தச் சீட்டை மட்டுமே ஆதாரமாகக் காட்ட முடிந்தது.

நேற்று மாலை அவ்வழியே நடந்தபோது வாசலில் நிறுத்தியிருந்த விலைப்பலகையைப் பார்த்தேன். 'கிராஃபிஷ்' என்ற சொல்லின் மேல் 'சீஃபுட்' என்று ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்கள். 290 அப்படியே இருக்கிறது. '100 கிராமுக்கு' என்பதும் அதே எறும்பளவு எழுத்தில்தான் இருக்கிறது. இம்முறை படமெடுத்துக்கொண்டேன்.