வரலாற்று நோட்டு: மொத்தமாகத் திருத்துவதா, திறந்துவைத்துக் கேட்பதா?

நாலு வகுப்பு, வகுப்புக்கு 40 பேர். பருவக் கடைசியில் வாங்கினால் மேசையில் 160 நோட்டு. ஒன்றுக்கு 3 நிமிடம் என்றாலும் 8 மணி நேரம். அந்த 3 நிமிடத்தில் கண்ணில் படுவது என்ன? தேதி போட்டிருக்கிறதா, தலைப்புக்கு அடிக்கோடு உண்டா, நடுவில் பக்கம் காலியா. ஒரு டிக், கையெழுத்து, அடுத்த நோட்டு. பல வருடம் நானும் இப்படித்தான் ஓட்டினேன்.

பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தில்தான் உறைத்தது. ஒரு மாணவி 1789 ஜூலை 14 என்பதைச் சிவப்பு மையில் கட்டம் கட்டி, பக்கத்தில் அன்று பாரிஸ் மக்கள் தாக்கிய பாஸ்டில் சிறைக்கோட்டையையும் வரைந்திருந்தாள். பத்துக்குப் பத்து போட்டேன். இன்னொருவனுடையது கோழிக்கிறுக்கல், 5 போட்டேன். ஓரத்தில் அவன் பென்சிலால் எழுதியிருந்ததைப் பிறகுதான் படித்தேன்: ‘உள்ளே 7 கைதிதான். அதுக்கா இவ்வளவு கூட்டம்?’ கூட்டம் தேடிப் போனது அங்கிருந்த வெடிமருந்தை. பாடத்தின் சாவியே அந்தக் கேள்விதான். நானோ மார்க்கைச் சிவப்பு மைக்குக் கொடுத்திருந்தேன்.

இதற்கு மாற்று, நோட்டைப் பார்த்தே எழுதும் சிறு தேர்வு. நோட்டு அவர்களிடமே இருக்கும். 5 கேள்வி, 15 நிமிடம். ‘1919 வெர்சாய் ஒப்பந்தத்தில் ஜெர்மனிக்கு விதித்த நிபந்தனைகளில் இரண்டை உன் நோட்டிலிருந்து எடுத்து எழுது. எது அதிகம் கசந்திருக்கும், ஏன்?’ நோட்டே எழுதாதவன் முதல் பாதியில் மாட்டுவான், அடுத்தவன் நோட்டைப் பார்த்து நிரப்பியவன் ‘ஏன்’ என்ற இடத்தில் திணறுவான். தாளுக்கு ஒரு நிமிடம் வைத்தால் 160 நிமிடத்தில் வேலை முடியும். மெதுவாக எழுதும் பிள்ளைகளை இது வாட்டும் என்பது உண்மை. அவர்களுக்கு நேரம் கூட்டித்தான் ஆகவேண்டும்.

ஃபைலா, தைத்த நோட்டா? வராத நாளின் தாளை நடுவில் செருகிக்கொள்ளலாம் என்பது ஃபைலின் பெரிய வசதி. ஆனால் துளை கிழியும், தாள் உதிரும். ஒரு மாதத்தில் நெப்போலியனுக்குப் பின்னால் போய் பாஸ்டில் உட்கார்ந்திருக்கும். என் ஓட்டு தைத்த நோட்டுக்கு. முதல் இரண்டு பக்கம் பொருளடக்கம், மற்ற எல்லாவற்றிலும் பக்க எண். திறந்துவைத்து எழுதும் தேர்வில் இது இல்லாதவன் புரட்டியே களைத்துப்போவான்.

பக்கத்தை எப்படிப் பிரிப்பது என்பதிலும் இரண்டு கட்சி உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் 1950களில் பரப்பிய முறையில் இடது ஓரம் குறிச்சொற்களுக்கு, அடிப்பகுதி சுருக்கத்துக்கு. நீண்ட விரிவுரைக்கு அது போதும். காலக்கோடும் வரைபடமும் கேலிச்சித்திரமும் வரும் வகுப்புக்கு அந்த ஓரம் பற்றாது. அங்கே வலப்பக்கம் பாடம், இடப்பக்கம் முழுக்க மாணவனுடையது என்ற முறைதான் பொருந்துகிறது. அந்தப் பென்சில் கேள்விக்கு அங்கே ஒரு முழுப் பக்கமே கிடைத்திருக்கும்.

இப்போது 20 மார்க்கில் 12 தேர்வுக்கு, 5 இடப்பக்கத்துக்கு, 3 ஒழுங்குக்கு. அந்த 3ஐப் பார்த்து முதலில் முறையிட வந்தவர்கள் பிள்ளைகள் இல்லை, பெற்றோர்.