சிங்கப்பூருக்கு ‘டோல் பாஸ்’ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்

மீதியைப் படிக்க நேரமில்லாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் டோல் பாஸ் என்று ஒன்று கிடையவே கிடையாது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு யாராவது அதை விற்றால் அது வெறும் அட்டை. அந்த அட்டைக்கு நான் 6,500 ரூபாய் கொடுத்தேன். அப்புறம் அதனாலேயே இன்னொரு 15,000 போனது.

அங் மோ கியோவில் என் மனைவியின் தம்பி இருக்கிறான். மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் ஐந்து நாள் போய் வரலாம் என்று கிளம்பினோம். அப்பாவுக்கு முழங்கால் வலி, எம்ஆர்டி ரயில் நிலையப் படியெல்லாம் ஏறி இறங்க முடியாது. நானே வண்டி ஓட்டுகிறேன் என்று சொன்னேன். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் வலது பக்கம், பழக்கப்பட்டதுதானே. டிக்கெட், விசா எல்லாம் பார்த்துக்கொடுத்த தி.நகர் டிராவல்ஸ்காரரே வாடகைக் காரையும் ஏற்பாடு செய்தார்.

எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது, “சார், டோல் பாஸ் போட்டுரலாமா?” என்றார்.

அது என்ன என்று கேட்டேன். “நம்ம பரனூர் டோல்கேட்ல இருக்கிற மாதிரி அங்க பூத்தே இருக்காது சார். காசு வாங்க ஆள் கிடையாது. வண்டி நிக்காமலே போயிட்டே இருக்கும், மேல கேமரா பாத்துக்கும். பாஸ் இல்லன்னா ஃபைன் வீட்டுக்கு வரும்.”

இதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் பொய். மற்றதெல்லாம் நிஜம். நான் விழுந்தது அதனால்தான். முழுப் பொய்யாகச் சொல்லியிருந்தால் வீட்டுக்கு வந்து கூகுளில் தேடியாவது பார்த்திருப்பேன். ஐந்து நாளைக்கு அன்லிமிடெட், எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் போனாலும் செல்லும் என்றார். வண்டி நம்பர் கேட்டார், சொன்னேன். மறுநாள் லேமினேட் செய்த அட்டை ஒன்று வந்தது. ஹாலோகிராம் மாதிரி பளபளவென்று ஒரு ஸ்டிக்கர் வேறு.

இனி நிஜத்தில் அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். இது தெரிந்திருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன்.

அங்கே ஊருக்குள் வாங்குவதற்குப் பெயர் ஈஆர்பி, சிங்கப்பூர்த் தமிழில் ‘மின்னியல் சாலைக் கட்டணம்’. சாலை போட்ட காசைத் திரும்ப எடுப்பதற்காக நம் ஊரில் வாங்குகிறார்களே, அந்த டோல் இல்லை இது. கூட்டத்தைக் குறைக்க வாங்கும் காசு. விரைவுச்சாலையில் வண்டிகள் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நெரிசல் கூடினால் கட்டணத்தை ஏற்றுவார்கள், குறைந்தால் இறக்குவார்கள். சாலைக்குக் குறுக்கே மேலே நிற்கும் கட்டண வளைவுக்குப் பெயர் கேன்ட்ரி. ஒரே கேன்ட்ரியில் எட்டு மணிக்கு ஒரு விலை, எட்டரைக்கு வேறு விலை. ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் இலவசம். சில மாதங்களுக்கு ஒருமுறை விலைப்பட்டியலே மாறும். இப்படி இருக்கும் ஒன்றுக்கு ‘ஐந்து நாளைக்கு 6,500’ என்று ஒருவர் எப்படி விலை சொல்ல முடியும்? இந்தக் கேள்வி எனக்கு அப்போது தோன்றவில்லை.

காசு பிடிப்பது வண்டிக்குள் முன்கண்ணாடி ஓரத்தில் இருக்கும் சின்னக் கருவி மூலமாக. அதில் பணம் ஏற்றிய கார்டைச் செருக வேண்டும். கேன்ட்ரிக்குக் கீழே போகும்போது அதிலிருந்து தானாகக் கழியும். 2023 இறுதியிலிருந்து இதை எடுத்துவிட்டு ஓபியு என்ற புதுக் கருவியை வைக்க ஆரம்பித்தார்கள். எனக்குக் கிடைத்த வண்டியில் பழையதுதான் இருந்தது. கார்டு செருகும் இடம் காலி.

காலி என்பதை நான் கவனிக்கவே இல்லை. காலை எட்டரைக்கு சிடிஇ விரைவுச்சாலை வழியாக ஊருக்குள் இறங்குவோம், சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில், லிட்டில் இந்தியா பக்கத்துத் தேக்கா என்று சுற்றுவோம். அலுவலகம் போகிறவர்கள் எல்லாம் போகும் நேரம், அதாவது கட்டணம் அதிகமாக இருக்கும் நேரம். கேன்ட்ரியைத் தாண்டும்போதெல்லாம் கருவி சத்தம் போடும். “பாத்தீங்களாப்பா, பாஸ் வேலை செய்யுது” என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அது கார்டு இல்லை, கார்டு இல்லை என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை இரவு ஒரு மாலின் பார்க்கிங்கில்தான் குட்டு உடைந்தது. அதுவரை சாலையோரம் நிறுத்தியதற்கெல்லாம் மச்சான் தன் போன் செயலியிலேயே கட்டிவிட்டான். மாலில் அப்படி இல்லை. ஈஆர்பிக்குப் போடும் அதே கார்டில்தான் பார்க்கிங்கும் கழியும். வெளியே வரும் இடத்தில் தடுப்புக் கட்டை தூக்கவில்லை. நான் லேமினேட் அட்டையைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக் காட்டுகிறேன், எதற்குக் காட்டுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பின்னால் ஆறேழு வண்டி. நம் ஊராக இருந்தால் ஹாரனிலேயே கொன்றிருப்பார்கள். அங்கே ஒருவர்கூட அடிக்கவில்லை, அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது. செக்யூரிட்டி தமிழர். வந்து எட்டிப் பார்த்து, “அண்ணே, கார்டு எங்க?” என்றார். அட்டையைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மச்சானிடம் காட்டினேன். அவன் வாசித்துக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தி, “மாமா, இதுல டிஎன் 22-னு போட்டிருக்கு” என்றான்.

என் ஸ்விஃப்ட் நம்பர். குரோம்பேட்டையில் கவர் போட்டு நிறுத்தியிருந்த வண்டிக்கு சிங்கப்பூர் டோல் பாஸ் வாங்கியிருக்கிறேன். டிராவல்ஸில் வண்டி நம்பர் கேட்டபோது எந்த வண்டி என்று யோசிக்காமல் சொந்த வண்டி நம்பரைச் சொன்னது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். அங்கே கிடைக்கப்போகும் வாடகை வண்டியின் நம்பர் அன்றைக்கு இருவருக்குமே தெரியாது. அப்படியிருக்க யார் பேரில் பாஸ்?

இன்னொன்றும் மச்சான் சொன்னான். பாஸ் மாதிரி ஒன்று ஒரு காலத்தில் இருந்ததாம். 1975-இல் நகரின் நடுப்பகுதிக்குள் நுழையக் காகித உரிமம் வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். ஆரம்பத்தில் காருக்கு ஒரு நாளைக்கு 3 டாலர், மாதத்துக்கு 60. 1998-இல் ஈஆர்பி வந்ததும் அதை எடுத்துவிட்டார்கள். நம்மாள் விற்ற சரக்கு செத்துக் கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது.

மறுநாள் காலை கார்டு வாங்கி 20 டாலர் ஏற்றினோம். ஐந்து நிமிட வேலை. முதல் நாளே செய்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஜோகூர் போகாததும் நல்லதாகப் போயிற்று. மலேசியாவில் டோலுக்கு டச் அண்ட் கோ கார்டு தனியாக வேண்டும், சிங்கப்பூர் வண்டி எல்லை தாண்ட முக்கால் டேங்க் பெட்ரோல் இருந்தாக வேண்டும். இதையெல்லாம் டிராவல்ஸில் மூச்சே விடவில்லை.

சென்னை திரும்பி மூன்றாவது வாரம் கிரெடிட் கார்டில் 225 சிங்கப்பூர் டாலர் எடுத்துவிட்டதாக மெசேஜ். வாடகைக் கம்பெனி விவரம் அனுப்பியது. காசு பிடிக்க முடியாமல் நான் தாண்டியது ஏழு தடவை. நிஜமான ஈஆர்பி கட்டணம் ஏழுக்கும் சேர்த்து 15 டாலர். தடவைக்கு 10 டாலர் நிர்வாகக் கட்டணம், 70. நோட்டீஸ் வண்டி உரிமையாளருக்குத்தான் போகும், அதை எங்களிடம் தள்ளிவிடும் வேலைக்குக் கம்பெனி போட்டது தடவைக்கு 20, ஆக 140. கம்பெனியைக் குறை சொல்ல வழியில்லை, நான் கையெழுத்துப் போட்ட தாளில் ‘ஈஆர்பி, பார்க்கிங் வாடிக்கையாளர் பொறுப்பு’ என்று இருக்கிறது. சாவி கொடுத்த பையனாவது கார்டு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தி.நகருக்கு நேரில் போனேன். “பாஸ் ஆக்டிவேட் ஆயிருக்கு சார், அவங்க சைடுல டெக்னிக்கல் ப்ராப்ளம்” என்றார். பில் கேட்டேன். “பேக்கேஜ்ல சேந்தது, தனியா வராது சார்.” அப்போதுதான் ஜிபேயை எடுத்துப் பார்த்தேன். 6,500 போயிருப்பது டிராவல்ஸ் கணக்குக்கு இல்லை, யாரோ ஒரு பெண்மணியின் தனிக் கணக்குக்கு. டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் முறையாக ரசீது இருக்கிறது. இதற்கு மட்டும் இல்லை.

நீங்கள் அங்கே வண்டி எடுப்பதாக இருந்தால் வாடகைக் கம்பெனிக்கே நேராக மெயில் போட்டு, ஈஆர்பி யார் கட்டுவது, கார்டு யாருடையது, தவறினால் அவர்கள் எவ்வளவு வசூலிப்பார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சாவி வாங்கும்போது கருவியில் கார்டு இருக்கிறதா, அதில் எவ்வளவு பணம் மீதி இருக்கிறது என்று பாருங்கள். எந்த கேன்ட்ரியில் எந்த நேரத்தில் எவ்வளவு என்பதை அவர்களுடைய நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் போட்டிருக்கிறார்கள். அப்பா மாதிரி ஒருவருக்காக ஐந்து நாள்தான் என்றால் டாக்ஸியே மலிவு என்று மனைவி இப்போது தினமும் சொல்கிறாள். சரி, அதையும் எழுதிவிட்டேன்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த நாலாம் நாள் அவரே போன் செய்தார். “மூவாயிரம் தரேன் சார், கம்ப்ளெய்ண்ட்ட வாபஸ் வாங்கிருங்க.” மறுத்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம். ஜிபே ஸ்கிரீன்ஷாட், கார்டு ஸ்டேட்மென்ட், அட்டையின் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன், வரும் திங்கள்கிழமை போடுகிறேன். என்ன ஆயிற்று என்று பிறகு எழுதுகிறேன். இதே அட்டையை வேறு யாராவது வாங்கியிருந்தால் சொல்லுங்கள், அதில் எந்த ஊர் வண்டி நம்பர் இருக்கிறது என்பதையும்.