ஜிம்மி யங்: ஒரு நடுவர் மாற்றிப் போட்டிருந்தால்

எழுபதுகளின் ஹெவிவெயிட் குத்துச்சண்டை என்றாலே அலி, ஃப்ரேசியர், ஃபோர்மன், நார்ட்டன் என்று நாலு பேரோடு பேச்சு முடிந்துவிடும். இந்த நாலு பேரில் அலியைப் பதினைந்து ரவுண்டும் திணற வைத்து, ஃபோர்மனைத் தோற்கடித்து, நார்ட்டனிடம் மயிரிழையில் தோற்ற ஒருவர் இருந்தார். பிலடெல்பியாக்காரர், பெயர் ஜிம்மி யங். போன மாதம் முழுக்க ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அவருடைய பழைய சண்டைப் பதிவுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாவட்ட அளவு அமெச்சூர் போட்டிகளில் பதினோரு வருடம் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து புள்ளி போட்டிருக்கிறேன். கையில் தாளும் பென்சிலும் இல்லாமல் எனக்குச் சண்டை பார்க்க வராது.

முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்டால், 1977 மார்ச் 17, போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான். எதிரில் ஜார்ஜ் ஃபோர்மன். கின்ஷாசாவில் அலியிடம் பட்டத்தை இழந்த பிறகு வரிசையாக எல்லோரையும் வீழ்த்திக்கொண்டு வந்தவர். ரான் லைல், மறுபடியும் ஃப்ரேசியர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை. யங்கிடம் அப்படிப்பட்ட இடி கிடையாது. அவரிடம் இருந்தது இடது ஜாப் (கையை நேராக நீட்டி அடிக்கும் வேகக் குத்து), தோள் அசைவு, பிறகு காலை எங்கே வைப்பது என்ற கணக்கு. ஃபோர்மன் கையை ஓங்கும்போது யங்கின் முன்னங்கால் அரை அடி நகர்ந்திருக்கும். குத்து காற்றில் போகும். திரும்பி வரும் வழியில் ஃபோர்மனின் முகத்தில் ஒரு ஜாப் விழும். பெரிய அடி இல்லை. ஆனால் மூன்று நிமிடத்தில் பத்து முறை அப்படி விழுந்தால் எவருக்கும் பொறுமை போய்விடும்.

ஏழாவது ரவுண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபோர்மன் பக்கவாட்டில் வீசிய இடது ஹூக் ஒன்று ஒழுங்காகப் பட்டுவிடுகிறது. யங்கின் முழங்கால் தளர்கிறது, உடம்பு பக்கவாட்டில் போகிறது. ஃபோர்மன் விடாமல் பாய்கிறார். அந்தக் காலத்தில் அவரிடம் இந்த நிலைமையில் மாட்டியவர்கள் பெரும்பாலும் எழுந்ததில்லை. யங் கட்டிப் பிடிக்கிறார், தலையை ஃபோர்மனின் தோளுக்கு அடியில் நுழைக்கிறார், விலகுகிறார், மறுபடி பிடிக்கிறார். பயந்து போய்ப் பிடிப்பதற்கும் தெரிந்து பிடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அவர் கண்ணைப் பாருங்கள், எதிராளியின் கையை விட்டு அது விலகவே இல்லை. ரவுண்டு முடியும் முன்பே திருப்பி அடிக்கத் தொடங்கிவிடுகிறார். பன்னிரண்டாவது ரவுண்டில் தரையைத் தொட்டது ஃபோர்மன்தான். மூன்று நடுவர்களும் யங்குக்கே கொடுத்தார்கள். ரிங் என்ற குத்துச்சண்டைப் பத்திரிகை அந்த ஆண்டின் சிறந்த சண்டையாக இதைத் தேர்ந்தெடுத்தது.

அன்று ராத்திரி உடைமாற்றும் அறையில் தனக்கு ஒரு மத அனுபவம் ஏற்பட்டதாக ஃபோர்மன் பிற்பாடு சொன்னார். சண்டையை விட்டுவிட்டுப் போதகரானார், பத்து வருடம் வளையத்துக்குள் வரவில்லை. 1987-இல் திரும்பி, 1994-இல் 45 வயதில் மறுபடி உலகச் சாம்பியன் ஆனார். அதனால் சான் ஹுவானைப் பற்றி யார் எழுதினாலும் அது ஃபோர்மனின் கதையாகவே முடிகிறது. ஜெயித்தவர் யங் என்பது ஒரு வரியில் போய்விடுகிறது. எனக்கு இது ஆறவே இல்லை.

அடுத்தது அலி சண்டை. 1976 ஏப்ரல் 30, மேரிலாந்தின் லேண்டோவர். அலி 230 பவுண்டு எடையில் வந்திருந்தார், பார்த்தாலே தெரியும் தொப்பை. பயிற்சியை லேசாக எடுத்துக்கொண்டு வந்தவருக்கு, அடிக்க வாகாக நிற்காத ஒருவர் எதிரில். என் தாளில் இந்தச் சண்டையில் யங்குக்கு 8 ரவுண்டு, அலிக்கு 7. மூன்று நடுவர்களும் அலிக்குக் கொடுத்தார்கள், அரங்கத்தில் கூச்சல் எழுந்தது.

ஆனால் தப்பு முழுக்க நடுவர்கள் மேல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அலி நெருக்கிக்கொண்டு வந்தபோதெல்லாம் யங் கயிறுகளுக்கு நடுவே தலையையும் உடம்பையும் வெளியே நீட்டினார். ஒருமுறை அல்ல, பலமுறை. அப்படிச் செய்தால் வளையத்துக்குள் நிற்கும் ரெஃப்ரி பிரித்துவிட்டுத்தான் ஆக வேண்டும், ஒரு தடவை விழுந்தவருக்கு எண்ணுகிற மாதிரி எண்ணவே தொடங்கிவிட்டார். அடியிலிருந்து தப்பிக்க அது உதவும். ஆனால் சாம்பியனிடமிருந்து பட்டத்தைப் பிடுங்க வந்தவர் சண்டையை விட்டு வெளியே போகிற மாதிரி ஒரு தோற்றம் நடுவர் மனதில் பதிந்தால், பிறகு அதை எந்த ஜாபாலும் அழிக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு இது தெரியும். ஒரு சப்ஜூனியர் போட்டியில் பின்வாங்கிக்கொண்டே தொட்டுத் தொட்டு அடித்த பையனைத் தோற்றவனாகப் போட்டேன். முன்னால் வந்து வந்து காற்றைக் குத்தியவன்தான் என் கண்ணுக்குத் தெரிந்தான். யங்கைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பையன் ஞாபகம் வருகிறது.

அவருக்கு நேர்ந்த அநியாயம் இன்னொன்று. 1975 பிப்ரவரியில் ஹோனலூலுவில் ரான் லைலைப் புள்ளிகளில் வென்றார். மூன்று மாதம் கழித்து அலியோடு பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு யாருக்குப் போனது? தோற்ற லைலுக்கு! லைல் அடித்தால் கூட்டம் எழுந்து நிற்கும், டிக்கெட் விற்கும். அடுத்த ஆண்டு யங் அவரை மறுபடியும் ஜெயித்துக் காட்டினார்.

நார்ட்டன் சண்டை 1977 நவம்பர் 5, லாஸ் வேகாஸ், பதினைந்து ரவுண்டு. இருவர் நார்ட்டன் பக்கம், ஒருவர் யங் பக்கம். பட்டச் சண்டைக்குத் தகுதி யாருக்கு என்று பார்க்க நடந்தது அது. மறு ஆண்டு அலியை வென்ற லியோன் ஸ்பிங்க்ஸ், நார்ட்டனைச் சந்திக்காமல் அலியோடே மறுபடி மோதப் போனதால், உலகக் குத்துச்சண்டைக் கவுன்சிலான டபிள்யூ.பி.சி. அவரிடமிருந்து பட்டத்தை எடுத்து, யங்கை ஜெயித்த கணக்கில் நார்ட்டனுக்குக் கொடுத்தது. அதாவது அந்த ராத்திரி ஒரே ஒரு நடுவர் மாற்றிப் போட்டிருந்தால் உலகச் சாம்பியன் பட்டியலில் ஜிம்மி யங் பெயர் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகானதைப் பார்க்காமல் விட்டுவிடுங்கள். 1978-இல் ஓஸி ஒகாசியோவிடம் தோற்றார், 1979-இல் திரும்பவும் அவரிடமே. 1980-இல் ஜெர்ரி கூனியின் அடியில் முகம் கிழிந்து நான்கு ரவுண்டோடு சண்டை நின்றது. உடம்பில் சதை வைத்துவிட்டது, அந்த அரை அடி நகர்வு காலில் இல்லை. எண்பதுகளிலும் இளைஞர்களிடம் தோற்றுக்கொண்டே ஆடினார். இந்தப் பதிவுகளில் இரண்டைப் பாதியில் நிறுத்திவிட்டேன். 2005 பிப்ரவரியில் 56 வயதில் பிலடெல்பியாவிலேயே இறந்தார்.

தோல்விகள் நிறைந்த பட்டியலை வைத்து அவரைச் சுமார் ஆட்டக்காரர் என்று எழுதுகிறவர்கள் உண்டு. 1973-இல் எர்னி ஷேவர்ஸ் அவரை மூன்றாவது ரவுண்டிலேயே வீழ்த்தினார், அடுத்த ஆண்டு அதே ஷேவர்ஸோடு பத்து ரவுண்டு நின்று சமன் செய்தார். இரண்டு வருடத்துக்குள் அவ்வளவு கற்றுக்கொண்ட ஆட்டக்காரரைச் சுமார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1975 தொடக்கத்திலிருந்து 1977 கடைசி வரை, அந்த மூன்று வருட யங்கை நான் எந்தக் காலத்து ஹெவிவெயிட்டோடும் தயங்காமல் வளையத்துக்குள் அனுப்புவேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சிக்கு வரும் பையன்களுக்குச் சான் ஹுவானின் ஏழாவது ரவுண்டைச் சத்தம் இல்லாமல் போட்டுக் காட்டினேன். ஃபோர்மனைப் பார்க்காதீர்கள், மற்றவரின் காலை மட்டும் பாருங்கள் என்றேன். முடிந்ததும் ஒருவன், "சார், இன்னொரு தடவை போடுங்க" என்றான். போட்டேன்.