கோப்பைக் கேட்கும் கட்டளை: ஈமாக்ஸ், விம், விஎஸ் கோட்

தேர்ந்தெடுத்த வரிகளை இன்னொரு கோப்பின் கடைசியில் சேர்க்க ஒரு கட்டளை வேண்டும். எந்தக் கோப்பு என்பதைக் கட்டளையே நம்மிடம் கேட்க வேண்டும். ஈமாக்ஸ், விம், விஎஸ் கோட் ஆகிய மூன்று உரைத் தொகுப்பான்களில் (எடிட்டர்களில்) ஈமாக்ஸே இதற்குச் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

ஈமாக்ஸில் கேள்வி கேட்கும் பகுதி வேறு, வேலை செய்யும் பகுதி வேறு. கட்டளையாக எழுதும் செயற்கூறின் (ஃபங்ஷனின்) தொடக்கத்தில் ‘இன்டராக்டிவ்’ என்று அறிவித்து ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும். சிறிய எஃப், ஏற்கெனவே உள்ள கோப்பை மட்டும் ஏற்கும். பெரிய எஃப், இனிமேல்தான் உருவாகப்போகும் கோப்பின் பெயரையும் ஏற்கும். டேப் விசையால் பெயரை நிரப்புவதும் கண்ட்ரோல்-ஜி அழுத்தி விலகுவதும் தாமாகவே கிடைக்கின்றன. அதைவிடப் பெரிய வசதி, பயனர் அழைத்தால் மட்டுமே கேள்வி எழும் என்பது. வேறொரு செயற்கூறு கோப்புப் பெயரைக் கையோடு கொடுத்து அழைத்தால், கேட்காமல் வேலையை முடித்துவிடும். ஈமாக்ஸுடன் வரும் ‘அப்பெண்ட்-டு-ஃபைல்’ கட்டளையே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

குறிப்பிட்ட வகைக் கோப்புகளை மட்டும் காட்ட, எழுத்துக்குப் பதில் ‘ரீட்-ஃபைல்-நேம்’ செயற்கூறை அழைத்து வடிகட்டி ஒன்றைத் தரலாம். அந்த வடிகட்டி அடைவுகளையும் (ஃபோல்டர்களையும்) அனுமதிக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளடைவுகள் பட்டியலிலேயே வராது. பலரும் தடுமாறும் இடம் இது.

விம்மில் இரண்டு வழிகள். ‘கமாண்ட்’ மூலம் புதுக் கட்டளையை வரையறுத்து, கோப்புப் பெயரை டேப் விசையால் நிரப்பும் வசதியை அதற்குத் தருவது ஒன்று. கட்டளையின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். ‘இன்புட்’ செயற்கூறால் நேரடியாகக் கேட்பது மற்றொன்று. முதல் வழியையே பரிந்துரைப்பேன். கோப்புப் பெயரும் கட்டளை வரலாற்றில் பதிவாவதால், மேல்நோக்கு விசையை அழுத்தி மீண்டும் இயக்கலாம். ‘இன்புட்’டில் தட்டிய பெயர் வேறொரு வரலாற்றுக்குப் போய்விடும், எஸ்கேப் அழுத்தினால் வெற்றுச் சரம்தான் (எழுத்தே இல்லாத உரைதான்) திரும்பும், அதை நாமே சோதிக்க வேண்டும். முதல் வழியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: தட்டும் பெயரில் விழுக்காட்டுக் குறி (%) இருந்தால், அது நடப்புக் கோப்பின் பெயராக விரிந்துவிடும். இவ்வளவு எதற்கு, ஏற்கெனவே உள்ள கோப்பில் வரிகளைச் சேர்க்க மட்டும் என்றால் விம்மின் எழுதும் கட்டளையோடு இரண்டு ‘>’ குறிகளைச் சேர்த்தாலே போதும்.

விஎஸ் கோடில் ஒரு நீட்சியே (எக்ஸ்டென்ஷனே) எழுத வேண்டும். கட்டளையைப் பேக்கேஜ் கோப்பில் அறிவித்து, நிரலில் பதிவுசெய்து, பிறகு கோப்பைத் தேர்வதற்கான பெட்டியைக் காட்டும் ‘ஷோ ஓப்பன் டயலாக்’ அழைக்க வேண்டும். ஒரே கோப்பைத் தேர்ந்தாலும் விடை அணியாகவே (பட்டியலாகவே) திரும்பும். ரத்துசெய்தால் எதுவும் வராது. நம் தேவைக்கு அந்தப் பெட்டி பொருந்துவதுமில்லை. திறக்கும் பெட்டியில் இல்லாத கோப்பைத் தர முடியாது. சேமிக்கும் பெட்டியோ, இருக்கும் கோப்பைத் தேர்ந்ததும் அதை அழித்து எழுதவா என்று இயங்குதளத்தின் வழியாகக் கேட்டுப் பயனரை அச்சுறுத்தும். நாம் சேர்க்கத்தான் போகிறோம் என்று அதற்குத் தெரியாது. எனவே கோப்புப் பெயரை விருப்ப அளவுருவாக (தந்தாலும் தராவிட்டாலும் ஏற்கும் உள்ளீடாக) வைத்து, அது வராதபோது மட்டும் பெயரைத் தட்டச் சொல்லும் ‘ஷோ இன்புட் பாக்ஸ்’ வழியாகக் கேட்கும்படி எழுதுங்கள். டேப் நிரப்பல் போய்விடும்; ஆனால் மற்ற நீட்சிகளும் அதே கட்டளையைக் கேள்வியின்றி அழைக்கலாம்.