ஆறு கோடைகள், ஒரு குறிப்பேடு: வானிலை முன்னறிவிப்பை நம்பி வேலை பார்த்த அனுபவம்

திறந்தவெளியில் நடக்கும் கட்டுமானப் பணிகளை மேற்பார்வையிடுவது என் பொறுப்பு. கடந்த ஆறு கோடைகளாக, ஒவ்வொரு நாளும் காலை 5 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து, அதில் சொல்லப்பட்டதையும் பின்னர் உண்மையில் நடந்ததையும் ஒரு குறிப்பேட்டில் அடுத்தடுத்து எழுதி வருகிறேன். கான்கிரீட் போடும் நாளைத் தீர்மானிப்பதும், அஸ்திவாரக் குழிக்குள் ஆட்களை இறக்கலாமா என்று முடிவெடுப்பதும், நண்பகலில் வேலையை நிறுத்துவதும் இந்தக் குறிப்புகளை வைத்துத்தான்.

முதல் இரண்டு கோடைகளில் கைப்பேசிச் செயலியில் தெரியும் சூரியன், மேகம், மழைத்துளிச் சின்னங்களுக்கு மேல் எதையும் நான் பார்த்ததில்லை. இரண்டாம் கோடையில் ஒரு நாள் மழை வாய்ப்பு 20 விழுக்காடு என்றிருந்தது. அதை 'மழை இல்லை' என்று எடுத்துக்கொண்டு, குழியில் கம்பி கட்டும் வேலையைத் தொடரச் சொன்னேன். மாலை 4 மணிக்குத் தொடங்கிய இடிமழை ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 40 மி.மீ. கொட்டித் தீர்த்தது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர் நீர். குழியை நோக்கிச் சரிந்திருந்த நிலம் சுமார் 2,000 சதுர மீட்டர் என்பதால், 80,000 லிட்டர் வரை எங்கள் பக்கம் பாய வழியிருந்தது. ஆட்கள் எல்லோரும் மேலேறி அரை மணி நேரம் கழித்துத்தான் குழியின் ஒரு பக்கம் சரிந்தது என்பதை இன்று நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. செயலியைக் குறை சொல்லத் தோன்றினாலும், பிழை என்னுடையதே. 20 விழுக்காடு என்று அறிவிக்கப்படும் ஐந்து நாள்களில் ஒரு நாள் மழை பெய்வதுதான் சரியான முன்னறிவிப்பு. மேலும் அந்த எண் மழையின் அளவைப் பற்றி எதையும் சொல்வதில்லை; கால் மில்லிமீட்டர் தூறலும் நாற்பது மில்லிமீட்டர் பெருமழையும் அதற்கு ஒன்றே.

மூன்றாம் கோடையில்தான், வானிலையைக் கணக்கிடும் ஒரே கணினி மாதிரியைச் சற்றே மாறுபட்ட தொடக்க நிலைகளிலிருந்து பலமுறை ஓட்டிப் பார்க்கும் முறையைப் பற்றித் தெரிந்துகொண்டேன். நடுத்தரக் கால வானிலை முன்னறிவிப்புக்கான ஐரோப்பிய மையம் இதை 1992 முதல் நடைமுறையில் வைத்திருக்கிறது. இன்று ஒவ்வொரு முறையும் 51 ஓட்டங்கள் கிடைக்கின்றன. அவற்றின் சராசரியை நான் பார்ப்பதில்லை. மிக ஈரமான ஐந்தாறு ஓட்டங்கள் எவ்வளவு மழையைக் காட்டுகின்றன என்பதே எனக்கு வேண்டியது. அவை 50 மி.மீ.-ஐத் தாண்டினால், மற்றவை வறண்டிருந்தாலும் அன்று குழியில் வேலை இல்லை. கோடை இடிமேகம் பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலமே உடையது, ஒரு மணி நேரத்துக்குள் கரைந்தும் போகலாம். ஆகவே அது எந்த இடத்தில் கொட்டும் என்று முந்தைய நாளே எந்த மாதிரியாலும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் அந்த நாள் ஆபத்தானதா என்பதை இந்த ஓட்டங்கள் பெரும்பாலும் சொல்லிவிடுகின்றன என்பதே நான்கு கோடைக் குறிப்புகளில் நான் கண்டது.

மழை நெருங்கிய பிறகு டாப்ளர் ரேடார் படமே துணை. அதன் கதிர் தொலைவு கூடக் கூட உயர்ந்துகொண்டே போகிறது. அரை டிகிரி சாய்வில் அனுப்பப்படும் கதிர் 100 கி.மீ. தொலைவில் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. மேலே செல்லும். அதற்குக் கீழே நடப்பது படத்தில் தெரியாது.

வெப்பத்தை நான் புரிந்துகொண்டிருந்த விதம் இதைவிடத் தவறானது. அறிவிக்கப்படும் உச்ச வெப்பநிலை, காற்றோட்டமுள்ள நிழல் பெட்டிக்குள், தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் அளக்கப்படுவது; வெயிலில் குனிந்து வேலை செய்பவரின் முதுகில் விழும் சூடு அதில் இல்லை. நான்காம் கோடையில், 41 டிகிரி செல்சியஸ் பதிவான ஒரு வறண்ட நாளை அடிக்கடி ஓய்வு கொடுத்துக் கடந்துவிட்டோம்; அதே மாதத்தில், 36 டிகிரி மட்டுமே இருந்த, காற்றசைவற்ற புழுக்கமான ஒரு நாளில் இருவர் மயங்கி விழுந்தனர். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாவது குறைந்து, உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாமல் போகிறது. அன்றிலிருந்து, ஈரம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து உடல் படும் சூட்டைக் காட்டும் ஈரக்குமிழ் கோள வெப்பநிலையைப் பார்த்தே வேலை நேரத்தை வகுக்கிறேன். அதில் ஈரக்குமிழ் அளவுக்கு, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்கு, 70 விழுக்காடும், வெயிலில் வைத்த கருங்கோளத்துக்குள் இருக்கும் வெப்பமானியின் அளவுக்கு 20 விழுக்காடும், காற்றின் வெப்பநிலைக்கு வெறும் 10 விழுக்காடும் எடை தரப்படுகிறது. இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையையும் தவறாமல் எழுதுகிறேன். இரவில் உடல் ஆறாதவர்கள் மறுநாள் காலை 10 மணிக்கே தளர்ந்துபோகிறார்கள். பெரும்பாலான செயலிகள் இந்த எண்ணைச் சிறிய எழுத்தில் ஓரமாகப் போடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

வெள்ளம் என்று வரும்போது மழை எண் பாதிக் கதைதான். முந்தைய வாரம் பெய்த மழையில் மண் ஊறிக் கிடந்தால், அடுத்து வரும் 30 மி.மீ.-யும் அப்படியே வழிந்தோடும். 2021 ஜூலை 14 அன்று ஜெர்மனியின் ஆர் (Ahr) ஆற்றுப் பள்ளத்தாக்கைத் தாக்கிய வெள்ளத்தைப் பற்றிப் படித்தபோது, அந்த ஆறு கலக்கும் ரைன் ஆற்றின் வடிநிலத்துக்கு ஐரோப்பிய வெள்ள விழிப்புணர்வு அமைப்பு ஜூலை 10 அன்றே முதல் அறிவிப்புகளை அனுப்பியிருந்தது தெரியவந்தது. இருந்தும் அந்நாட்டில் 180-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதைப் படித்த பிறகு, எந்த எண் வந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தாளில் எழுதிப் பணியிடத்தில் ஒட்டிவைத்தேன்.

பெரிய ஆறுகளுக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு, எங்கள் குழியை ஒட்டி ஓடும் சிறு வாய்க்கால்களுக்கு ஆறாம் கோடையிலும் கிடைக்கவில்லை. ஆகவே வாய்க்காலின் மேல்புறத்தில் சிவப்புக் கோடிட்ட ஒரு கம்பத்தை நட்டிருக்கிறோம். ரேடாரில் மேகம் எங்கள் பக்கம் திரும்பியதும் ஒருவர் அங்கே போய் நிற்கிறார், நீர் கோட்டைத் தொடும் முன்பே குழியிலிருந்து எல்லோரும் மேலேறிவிடுகிறார்கள்.