மனம் தளர்ந்த வீரருக்கு 14416-ஆ, ஆசாரிப்பள்ளமா?

நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் பயிற்சி எடுக்கும் பிள்ளை, காயத்தாலோ அணித் தேர்வில் விடுபட்டதாலோ உறக்கமின்றித் தவித்தால் எங்கே உதவி கேட்பது?

அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய இலவசச் சேவை; நடுராத்திரியிலும் தமிழில் பேசலாம். பயிற்சியாளர் காதுக்குப் போய்விடுமோ என்ற பயம் பலரைத் தடுக்கிறது. அவர்களுக்கு போன்தான் எளிது.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் வரிசையில் நிற்க வேண்டும், தெரிந்த முகம் எதிரே வரலாம். ஆனாலும் சோர்வு வாரக்கணக்கில் நீண்டால் நான் இதைத்தான் சொல்வேன். நேரில் பார்க்கும் மனநல மருத்துவர் உறக்கம், சாப்பாடு, தலையில் பட்ட அடி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார். அப்புறம், மாத்திரை எடுத்தால் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டுவோமோ என்ற கவலை. மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள், உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலில் இல்லை. ஏடிஎச்டி எனும் கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புக் கோளாறுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் மருந்துக்குப் போட்டியின்போது தடை உண்டு. அதற்கும் மருத்துவக் காரணம் காட்டி அனுமதி கேட்கலாம். அதனால் போட்டிகளில் விளையாடுபவர் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால் எது மேல் என்று யோசிக்க வேண்டாம். உடனே 14416, உயிருக்கு ஆபத்து என்றால் 108. உதவி வரும்வரை வீட்டில் ஒருவர் கூடவே இருங்கள்.